ஜூன் எட்டு என்று சொன்ன டீச்சர்

ருவான் பெய்லான் டீச்சரிடம் படித்த யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வலது கையில் கனமான எதையோ தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நடந்து காட்டுவார்கள். அந்தக் கனமான சாமான் ஒரு டேப் ரெக்கார்டர். சீனாவில் குய்சோ மாகாணத்து மலைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன நகரத்துப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் அதைத் தூக்கிக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்கினார் டீச்சர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தோள் மட்டும் இன்னும் நிமிரவில்லை.

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் என்றுதான் பெயர். ஆனால் ஆங்கிலம் பேசுகிற ஒரு வெள்ளைக்காரரை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அருவிக்கு வழி கேட்டார் அந்த மனிதர். கேட்டது அத்தனையும் டீச்சருக்குப் புரிந்தது. வாயில்தான் ஒரு சொல்லும் வரவில்லை. "ஏ, பி, சின்னு மூணு விடை கொடுத்திருந்தா டக்குனு சரியானதைத் தொட்டுக் காட்டியிருப்பேன்" என்று தன்னைத்தானே கேலி செய்து வகுப்பில் இதைச் சொல்வார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். அவரும் சிரிப்பார், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஆனால் கல்லூரி நுழைவுத் தேர்வில் கேட்டல் பகுதி என்று வந்துவிட்டால் மாவட்டத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது. ஆங்கிலத்தின் நூற்றைம்பது மார்க்கில் முப்பது மார்க் கேட்டலுக்கு. ஸ்பீக்கரில் யாரோ இரண்டு பேர் பேசுவார்கள், பிள்ளைகள் கேட்டுவிட்டு இருபது கேள்விக்கு விடை குறிக்க வேண்டும். முதல் ஐந்து உரையாடலும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும், மீதி இரண்டு தடவை. மலையிலிருந்து வருகிற பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்வதை எப்படியோ முட்டி மோதிச் சமாளித்துவிடுவார்கள். அகராதியே கதியென்று கிடந்து சொற்களை மனப்பாடம் செய்வார்கள். கேட்டல் என்றால் பாதி விடையைக் குருட்டாம்போக்கில் குறிப்பார்கள். பட்டணத்துப் பிள்ளைகளைப் போல அவர்களுக்கு ஆங்கில சினிமாவா, தனி டியூஷனா, என்ன இருந்தது?

அந்தப் பிள்ளைகளுக்காக டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். "கேள்வியை முதல்ல படி. என்ன கேட்டிருக்கானோ அதுக்கு மட்டும் காதைக் கொடு. மிச்சமெல்லாம் வெறும் சத்தம், விட்டுத் தள்ளு. எங்க நடக்குதுன்னு கேட்டா, பின்னாடி என்ன சத்தம் வருதுன்னு பாரு. என்ன சொல்ல வர்றாங்கன்னு கேட்டா, வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே, குரலைக் கேளு. ஒண்ணைத் தவற விட்டுட்டியா, விட்டது விட்டதுதான். அழுதுக்கிட்டு நின்னா அடுத்ததும் போயிடும்." இதைத் தினமும் சொல்வார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கடைசி பெஞ்சுக்காரர்கள் மெல்லிய குரலில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

இது நடந்த வருடம் அவருக்கு நாற்பத்தாறு வயது. இறுதியாண்டு வகுப்பு ஒன்றுக்கு வகுப்பாசிரியரும் அவரே. அந்த வகுப்பில் யின் ஷுவாங் என்று ஒரு பெண். ஒல்லி, வாயாடி இல்லை, ஆனால் கேட்டால் பதில் சுருக்கென்று வரும். கணக்கில் அவளை யாரும் தொட முடியாது. ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து விடை எழுதுவதிலும் நல்ல மார்க். கேட்டலில் மட்டும் முப்பதுக்குப் பன்னிரண்டு. இன்னும் ஒரு பத்து மார்க் ஏறினால் முதல் தரப் பல்கலைக்கழகம். ஏறாவிட்டால் எங்கேயோ ஒரு மூன்றாம் தரக் கல்லூரி, அல்லது தொலைவில் குவாங்தோங் மாகாணத்தில் ஏதாவது தொழிற்சாலை. அவளுடைய மலைக்கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் அதுவரை யாருமில்லை.

டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். மதியச் சாப்பாடு முடிந்து பள்ளி முழுக்க மேசையில் தலை வைத்துத் தூங்குகிற அந்த ஒரு மணி நேரம், மூன்றாம் மாடி ஒலிபரப்பு அறையில் இரண்டு பேரும் டேப் கேட்பார்கள்.

"உன் காது என்ன அலங்காரத்துக்கா இருக்கு?" என்பார் டீச்சர்.

"காது கேட்குது டீச்சர். அவங்கதான் வாயில சோத்தை வெச்சுக்கிட்டுப் பேசுறாங்க" என்பாள் ஷுவாங்.

பிப்ரவரிக் கடைசியில், தேர்வுக்கு நூறு நாள் இருக்கும்போது, பள்ளி மைதானத்தில் உறுதிமொழி நாள் நடந்தது. வருடா வருடம் நடப்பதுதான். சிவப்புத் துணியில் வாசகங்கள், முஷ்டியை உயர்த்தித் தொண்டை கிழியக் கத்துகிற ஆயிரம் பிள்ளைகள், பின்னால் தூறலில் நின்று வேடிக்கை பார்க்கிற பெற்றோர்கள். ஷுவாங்கின் அப்பா யின் தெகுய் மட்டும் பெண்ணின் பக்கமே பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, புகையில் வாட்டிய பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஷுவாங் அம்மாவுக்குக் கல்லீரல்ல கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். கோடைக்காலம் வரைக்கும் இருந்தா பெரிசுங்கறாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொண்ணுக்குத் தெரியக் கூடாது. பரீட்சை முடியுற வரைக்கும். அவ அம்மாவே அதைத்தான் சொல்றா. பன்னெண்டு வருஷப் படிப்பு டீச்சர்."

டீச்சர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். தாத்தா செத்ததைச் சொல்வதில்லை, அப்பாவுக்கு விபத்து நடந்ததைச் சொல்வதில்லை. புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால்கூடத் தேர்வு முடிகிற வரை ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுவாரம் போய் விவாகரத்து எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பே மூன்று வீடுகளுக்காக டீச்சர் இப்படி வாயை மூடி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் தெரிந்ததும் அழுதார்கள், அப்புறம் பல்கலைக்கழகம் போனார்கள். பெற்றோர்கள் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார் டீச்சர். இறைச்சியை எவ்வளவோ மறுத்தார், தெகுய் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

விடுதிப் பிள்ளைகள் போன் வைத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டீச்சரின் போனிலிருந்துதான் ஷுவாங் வீட்டுக்குப் பேசுவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அம்மா, பன்றிக்கு இப்போதுதான் தீனி வைத்தேன் என்பாள், கோழி குஞ்சு பொரித்துவிட்டது என்பாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அந்தத் தாயின் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கு உள்ளுக்குள் பிரமிப்பாக இருக்கும்.

மே மாதம் பிறந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். போகிற உயிர் சொந்த வீட்டில்தான் போக வேண்டும் என்பது அந்த மலையின் வழக்கம். வண்டி வைத்து மனைவியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார் தெகுய். பேசுகிற தெம்பு அவளுக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஞாயிறுதோறும் அப்பாவின் குரல்தான். அம்மா தேயிலை பறிக்கப் போயிருக்கிறாள் என்பார். அடுத்த வாரமும் தேயிலை. அதற்கடுத்த வாரமும் தேயிலை.

இந்த மூன்று மாதத்தில் ஷுவாங்கின் கேட்டல் மார்க் பன்னிரண்டிலிருந்து இருபதுக்கு வந்தது, பிறகு இருபத்து மூன்று, பிறகு இருபத்தேழு. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. அவருடைய கணவரை ஊரே லாவ் மெங் என்று கூப்பிடும், மலைக்கிராமங்களுக்குப் போகிற பஸ்ஸின் ஓட்டுநர். அவர் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார், "ஏய் டேப் ரெக்கார்டர், நான் மூணு தடவை மிளகாய் எங்கன்னு கேட்டேனே, அது காதுல விழுந்துச்சா?"

மே பதினேழாம் தேதி, மதியம். டேப் முடிந்து அணைத்த பிறகும் ஷுவாங் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு நாள் வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?"

"இப்ப என்ன வீடு? இருபத்தோரு நாள்தான் இருக்கு."

"காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடுவேன்."

"ஜூன் எட்டாம் தேதி சாயங்காலம் நானே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போய் விடறேன், போதுமா? எட்டாம் தேதி வரைக்கும் மனசைச் சிதற விடாதே."

ஷுவாங் "ஜூன் எட்டு சாயங்காலம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நிச்சயமா டீச்சர்?"

"நிச்சயமா" என்றார் டீச்சர். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பெண் பிடிவாதம் பிடிக்காமல் அடங்கிவிட்டாளே என்று டீச்சருக்கு நிம்மதி. அட, இருபது வருடத்துக்கு மேலாகக் காதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர். அந்தப் பெண் கேட்டது என்ன என்று அன்றைக்கு அவர் காதில் ஏறவில்லை.

எட்டு நாள் கழித்துத் தெகுய் போன் செய்தார். டீச்சர் அப்போது வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவளுக்குப் பொண்ணைப் பார்க்கணுமாம்." குரல் கம்மியிருந்தது. "சொல்லாதே சொல்லாதேன்னு அவதான் சத்தியம் வாங்கினா. இப்ப ரெண்டு நாளா வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடக்கா. எனக்கு ஒண்ணும் ஓடலை. படிச்சவங்க நீங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி."

டீச்சர் நாள்காட்டியைப் பார்த்தார். "பதிமூணு நாள்தான் இருக்கு. இந்த நேரத்துல வந்து அம்மாவை அந்தக் கோலத்துல பார்த்தா, அப்புறம் எங்க பரீட்சை எழுதறது? அவங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. எட்டாம் தேதி சாயங்காலமே அங்க இருப்பா."

"சரி டீச்சர்" என்றார் தெகுய். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. டீச்சர் சொன்னால் அது சட்டம் என்று வளர்ந்த மனிதர்.

லாவ் மெங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தக் கிராமத்து வழியாத்தான் என் பஸ் போகுது. நாளைக்குக் காலையில ஏத்திக்கிட்டுப் போறேன், சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து உன்கிட்டயே விடறேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிடும்?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"பதிமூணு நாளுங்கறது பரீட்சைக்காரன் கணக்கு பெய்லான். படுத்துக் கிடக்கிறவ கணக்கு இல்ல."

"இருபத்தேழு வாங்கறா" என்றார் டீச்சர். அதுதான் அவர் சொன்ன பதில். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் அவருக்கு உடம்பு கூசும். நினைக்காத நாள் இல்லை.

ஜூன் ஒன்றாம் தேதி விடியற்காலையில் ஷுவாங்கின் அம்மா போய்விட்டாள். செய்தி டீச்சருக்குப் போனில் வந்தது. இனிமேலாவது சொல்லிவிடலாமா என்று தெகுய் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. நடந்தது நடந்துவிட்டது, இப்போது சொன்னால் இரண்டும் போகுமே. தெகுய் உடலை மூன்று நாள் வைத்திருந்து, துக்கத்துக்கு மகள் அணிய வேண்டிய வெள்ளைத் துணியை வேறு யாருக்கும் கொடுக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மலைச்சரிவில் அடக்கம் செய்தார்.

ஏழாம் தேதி தேர்வு தொடங்கியது. எட்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு ஆங்கிலம், முதலில் கேட்டல். அந்த இருபது நிமிடமும் ஊரே மூச்சை அடக்கிக்கொள்ளும். போலீஸ்காரர்கள் தெருவை அடைத்துவிடுவார்கள், பக்கத்துக் கட்டட வேலையை நிறுத்திவிடுவார்கள், ஹாரன் அடிக்க எவனுக்கும் துணிச்சல் வராது. லாவ் மெங்கின் பஸ்ஸும் முனையில் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. பள்ளி வாசலில் சிவப்பு உடை உடுத்திய அம்மாக்கள் கூட்டம். பிள்ளைக்கு அதிர்ஷ்டம் வரும் என்று வருடா வருடம் உடுத்திக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் தெகுய் நின்றிருந்தார். துக்கத்துக்காகச் சட்டைக் கையில் குத்தியிருந்த கறுப்புத் துணியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஷுவாங் நடந்து வந்தாள். டீச்சர் கையை நீட்டினார். அவள் கவனிக்காமல் அவரைத் தாண்டி நேரே அப்பாவிடம் போனாள். அவருடைய சட்டைக் கையைப் பார்த்தாள், ஊசி குத்திய துளை இருந்த இடத்தை.

"எத்தனாம் தேதி?" என்று கேட்டாள்.

தெகுய்க்கு வாய் கோணியது. "ஒண்ணாம் தேதி" என்றார்.

அவள் அழவில்லை. லாவ் மெங் பஸ்ஸைக் கொண்டுவந்து பக்கத்திலேயே நிறுத்தினார். இருவரும் ஏறிக்கொண்டார்கள். கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று சொல்லியிருந்த டீச்சர் படிக்கட்டில் ஒரு காலை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். அந்த முகத்துக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை.

இருபத்தைந்தாம் தேதி வாக்கில் மார்க் வந்தது. ஆங்கிலத்தில் நூற்று முப்பத்து நான்கு. முதல் தரத்துக்கான எல்லையை ஷுவாங் நன்றாகவே தாண்டியிருந்தாள். தலைமையாசிரியர் அவள் பெயரைப் போட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டினார். பல்கலைக்கழக விருப்பப் படிவம் நிரப்ப அவள் அப்பாவோடு வந்தாள். தெகுய் உள்ளே வரவில்லை, வெளியே நடைபாதையில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலேயே அவர் டீச்சருக்குப் போனில் சொல்லியிருந்தார், "அவ அம்மா கேட்டது, நான் உங்களைக் கேட்டது, அது அவளுக்குத் தெரிய வேணாம் டீச்சர். தெரிஞ்சா யாரையும் மன்னிக்க மாட்டா. என்னையும்தான்."

ஷுவாங் எதிரே உட்கார்ந்து பல்கலைக்கழகங்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அடக்க முடியவில்லை.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஏப்ரல்லயே." தலையைத் தூக்காமல் சொன்னாள். "அம்மா கோழிக்குஞ்சைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தப்ப பின்னாடி ஒலிபெருக்கியில கட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டாங்க. தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டுச்சு. எங்க நடக்குதுன்னு சத்தத்தை வெச்சுக் கண்டுபிடின்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

டீச்சர் மேசை மேல் முன்னால் சாய்ந்தார். "அப்ப ஏன் நீ என்கிட்ட கேட்கலை?"

"கேட்டேனே. வீட்டுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். ஜூன் எட்டு சாயங்காலம்னு சொன்னீங்க. நிச்சயமான்னு கேட்டேன், நிச்சயம்னீங்க." அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதையும் சும்மா சொல்ல மாட்டீங்க. எட்டாம் தேதி வரைக்கும் அம்மா தாங்கும்னு டாக்டர் சொல்லித்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். இல்லேன்னா நான் அன்னைக்கே சுவர் ஏறிக் குதிச்சாவது போயிருப்பேன். அம்மாவும் நான் நல்லா எழுதணும்னுதானே இருந்துச்சு. அதான் நாளை எண்ணிக்கிட்டுப் படிச்சேன்."

வெளியே தெகுய் இருமினார்.

"டாக்டர் அப்படித்தானே சொன்னார், டீச்சர்?"

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. எந்த டாக்டரிடமும் டீச்சர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்த ஒருத்தியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று அந்த அறையில் இருந்த இருவரில் ஒருவருக்குத் தெரியும். உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. நானம்மா, நான்தான், என்னைத் திட்டு, என்னை அடி என்று விழுந்து அழுதிருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். வெளியே நிற்கிற மனிதரை நினைத்தார். தன்னையும் நினைத்துக்கொண்டார், அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

"ஆமா" என்றார். "டாக்டர் அப்படித்தான் சொன்னார்."

ஷுவாங் மெதுவாகத் தலையாட்டினாள்.

"அப்ப அம்மாதான் எனக்காகக் காத்திருக்கலை" என்றாள்.

அவள் படிவத்தில் மூன்று பெயர்களை எழுதி, மையை ஊதிக் காயவைத்து, மேசையின் மேல் அவர் பக்கமாகத் திருப்பி நகர்த்தினாள். வகுப்பாசிரியர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் ருவான் பெய்லான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.